அறிவழகன் சொல்ல மறுத்த முதல் வார்த்தை

போன வாரம் நம் மொழிபெயர்ப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் மீது நான் எரிந்து விழுந்தேன். ஓய்வு பெற்றவருக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று சிலர் தனியாகப் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் பாதி பாதியாகத் தட்டச்சு செய்து அனுப்பாமல், உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். ஷார்ஜாவில் பல வருடம் நர்ஸாக இருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி வேறொரு நாட்டுக்குப் போய், இப்போது அங்கே குடியுரிமை வாங்கப் போகிறார். அந்த நாட்டில் குடிமக்களாகும் நாளில் எல்லோரும் எழுந்து நின்று ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில் கடவுள் வருவார், இன்னொன்றில் வரமாட்டார். எதைச் சொன்னாலும் அரசுக்குச் சம்மதம். அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் தாய்மொழியில் ஒருமுறை படித்தால்தான் மனதில் இறங்கும் என்று நம்மிடம் அனுப்பியிருந்தார். நம் தம்பி அதைத் தமிழாக்கி அனுப்பிவிட்டுக் குழுவில் எழுதினார்: "நெத்தி நெறைய குங்குமம் வச்சவங்க சார். அதனால சாமி இருக்கறதையே போட்டு அனுப்பிட்டேன்."

குங்குமத்தையா மொழிபெயர்த்தீர்கள், அவரைக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். கேட்கவில்லை. கொஞ்சம் சூடாகவே நான்கு வரி எழுதினேன். தம்பி நல்ல பையன், கோபித்துக்கொள்ளாமல் உடனே அவருக்குப் போன் போட்டார். வந்த பதிலை அப்படியே குழுவில் போட்டார். "சாமி இல்லாததையே போடுங்க தம்பி. சாமிகிட்ட பேச வேண்டியத நான் வீட்டுல பேசிக்கறேன். நாட்டுக்குக் குடுக்கற வார்த்தைய நானே குடுக்கறேன், நானே காப்பாத்திக்கறேன்."

உங்களுக்கு மட்டும் எப்படி சார் முன்கூட்டியே தெரிந்தது என்று தம்பி வியந்து கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெண்மணி என்ன சொல்வார் என்று எனக்குத் துளியும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதை மட்டும் ஒரு நாள் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை நடத்தியவர் ஒரு கட்டுமானத் தொழிலாளி. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எனக்கு. அரபுக் கல்லூரியில் படித்துவிட்டுத் தம்மாமுக்குப் போய், ஒரு தட்டச்சு மையத்தில் ஊரார் விசா விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறகு அமீரகம் வந்து, பரீட்சை எழுதி, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சட்ட மொழிபெயர்ப்பாளர் உரிமம் வாங்கினேன். உரிமம் கொடுக்கும்போது கையை உயர்த்தி ஆணையிடச் சொல்வார்கள். 'மகத்தான இறைவன் மீது ஆணையாக, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன்' என்று சொன்னேன். அல்லாஹ்வின் பெயரை விளையாட்டுக்குக்கூட இழுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். அன்றைக்கு என் குரல் நடுங்கியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோதும் நடுங்கியது.

நடுக்கமெல்லாம் ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நம் ஆட்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து டூட்டி உடுப்போடு வந்து, எங்கே நிற்பது, யாரை 'சார்' என்பது என்றுகூடத் தெரியாமல் வெளிறிப்போய் நிற்பார்கள். நான் பக்கத்தில் போய் ஊர் விசாரிப்பேன், குலசாமி எது என்று கேட்பேன். "ஜட்ஜ் ஏதோ சொல்லுவார், பயப்படாதீங்க. உங்க சாமிய நெனச்சுக்கிட்டு 'சத்தியமா'ன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." சிவகங்கைக்காரர் ஒருவர் அய்யனார் மேல் சத்தியம் செய்தார். நாகர்கோவில் டிரைவர் கர்த்தர் மேல் செய்தார். எல்லாவற்றையும் 'மகத்தான இறைவன்' என்று ஒரே அச்சில் ஊற்றி அரபியில் கொடுத்துவிடுவேன். நீதிபதிக்கும் சிரமமில்லை, நம் ஆளுக்கும் சிரமமில்லை. நீதிமன்றமும் தொழிலாளியும் உரசிக்கொள்ளாமல் நடுவில் எண்ணெய் விடுகிறவன் நான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. 'மத்தத நான் பாத்துக்கறேன்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை உங்களில் யாராவது சொல்லக் கேட்டால் இப்போதும் குறுக்கே புகுந்து நிறுத்திவிடுகிறேன்.

அந்த வழக்கு ஒரு டவர் கிரேன் விபத்து. கிரேன் ஆபரேட்டர் பெஷாவர் பக்கத்துப் பதான்; வேலைத்தளத்தில் எல்லோருக்கும் அவர் கான் சாப். கீழே நின்று சுமையைக் கட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிறவரை ரிக்கர் என்பார்கள். அந்தத் தளத்து ரிக்கர்தான் அறிவழகன், பெரம்பலூர் மாவட்டத்துக்காரர். ஒரு நாள் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கும்போது, அதைச் சுற்றிக் கட்டியிருந்த ஸ்லிங் என்கிற கம்பி வடம் அறுந்தது. கீழே நின்ற ஒரு தொழிலாளியின் கால் போய்விட்டது. சைகை கிடைக்கும் முன்பே கான் சாப் அவசரப்பட்டு வெடுக்கென்று தூக்கிவிட்டார் என்று தளத்து சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். வழக்கு கான் சாப் மேல் பாய்ந்தது. தண்டனை உறுதியானால் சிறை, பிறகு நாடு கடத்தல். அதற்கப்புறம் எந்த நாட்டிலும் அவரை யாரும் கிரேன் மேல் ஏற்றமாட்டார்கள். அவர் பக்கம் பேச ஒரே ஒரு சாட்சி இருந்தார், சைகை காட்டிய அறிவழகன். கம்பெனி ஆட்கள் அவரிடம் 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். விசா அவர்கள் கையில் இருக்கிறது, படுக்கை சோனாப்பூரில் அவர்கள் கேம்ப்பில் இருக்கிறது. அப்படியிருந்தும் மனிதர் லீவு போட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்திருந்தார்.

அன்று காலை ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலையில் வழக்கத்தைவிட மோசமான நெரிசல். நான் ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழையும்போது சாட்சியைக் கூண்டுக்கு அழைத்துவிட்டார்கள். தாழ்வாரத்துப் பேச்சுக்கே வழியில்லை. பேரைப் பார்த்து இந்து என்று எழுதிக்கொண்டேன். வழக்கமான அச்சுதான் என்று நினைத்தேன்.

நீதிபதி பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். பிறகு ஆணை வாசகத்தைச் சொன்னார். நான் தமிழில் கொடுத்தேன்: "மகத்தான இறைவன் மீது ஆணையாக, உண்மையை மட்டுமே சொல்வேன்." அறிவழகன் வாயைத் திறக்கவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, கொஞ்சம் வெட்கத்தோடுகூடச் சொன்னார்: "பாய், அந்த மொத வார்த்த மட்டும் என் வாயில வராதுங்க. எனக்கு சாமி நம்பிக்க கெடையாது. அப்பா கறுப்புச் சட்டக்காரரு, நானும் அப்படியே வளந்துட்டேன். உளமாரச் சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்."

நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. பதவியேற்கும்போது ஒருவர் 'கடவுள் அறிய' என்பார், அடுத்தவர் 'உளமார' என்பார், இரண்டு பேரும் ஒரே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சட்டமே இரண்டு கதவு வைத்திருக்கிறது. பெரம்பலூர்க்காரர் அந்தச் சொல்லைத்தான் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் இது மார்க்கத்தை அரசோடு சேர்த்தே வைத்திருக்கும் நாடு. இங்கே போய், நீதிபதி முன்னால், 'எனக்குக் கடவுள் இல்லை' என்று ஒருவர் சொன்னதை நான் எப்படி அரபியில் சொல்வது? அவருக்கு என்ன ஆகுமோ, சாட்சியமே செல்லாமல் போனால் கான் சாப் கதி என்ன, இந்த வாக்கியத்தைச் சொன்ன வாய் என்று என்னையும் சேர்த்துப் பார்ப்பார்களோ? எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. வெறும் வார்த்தைதானே தம்பி, சொல்லிவிடுங்கள் என்று கிசுகிசுத்தேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

சாட்சி என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார்.

"மகத்தான இறைவன் மீது ஆணையிடுகிறார்" என்று அரபியில் சொன்னேன்.

அவ்வளவுதான். சொல்லி முடிக்க மூன்று நொடிகூட ஆகியிருக்காது. வேண்டுமென்றே பொய் சொல்கிறோம் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. வழக்கம்போல எண்ணெய் விட்டதாகத்தான் தோன்றியது. எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டார். சாட்சியம் தொடங்கியது.

அடுத்த கால் மணி நேரம் நான் அங்கே நின்றேனே தவிர, என் காது அங்கே இல்லை. இவர் கொஞ்சம் அரபி புரிந்தவராக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். கூண்டுக்கு அந்தப் பக்கம் கான் சாப் நெடுநெடுவென்று நின்று, கையில் தஸ்பீஹ் என்கிற ஜெபமாலையை உருட்டிக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல ஒரு பிரமை. அறிவழகன் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சைகை ஒழுங்காகக் கொடுத்தேன், கான் சாப் ஒழுங்காகத்தான் தூக்கினார் என்றார். அதைச் சரியாகச் சொல்லிவிட்டேன். பிறகு ஸ்லிங்கைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னார், நடுவில் நிறம் என்றார், டேப் என்றார், தன்னைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் அதை 'வடம் பழசாக இருந்தது' என்று ஒரே வரியில் முடித்தேன். பாதி கவனக்குறைவு. மீதிப் பாதி, மனிதர் தேவையில்லாமல் தன் தலையிலேயே எதையோ இழுத்துப் போட்டுக்கொள்கிறார், நாம் காப்பாற்றுவோம் என்ற பழைய வியாதி.

சாட்சியம் முடிந்து, எழுத்தர் அச்செடுத்த தாளை நீட்டினார். கையெழுத்துக்கு முன்னால் நான் அதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். முதல் வரியே அதுதான்: 'சாட்சி, இறைவன் மீது சட்டப்படி ஆணையிட்ட பின் கூறியதாவது.' அந்த வரியைத் தாவிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் கண் பட்ட இடத்தில் நாக்கு ஓடிப் பழகிவிட்டது, படித்துவிட்டேன்.

அறிவழகன் எடுத்த பேனாவை மேசையில் வைத்தார். நான் ஆணையிடவில்லையே, அப்படியா எழுதியிருக்கிறது என்று கேட்டார். அது ஃபார்முக்காகப் போடுவது, எல்லோருக்கும் அப்படித்தான், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. என்னை மட்டம் தட்ட வேண்டும் என்ற எண்ணமும் அந்த முகத்தில் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"கான் சாப் சிக்னல் இல்லாம தூக்குனாருன்னு சூப்பர்வைசர் எழுதுனதும் ஃபார்முக்குப் போட்டதுதானே பாய்? அத ஒடைக்கத்தானே நான் வந்தேன்?"

தம்பிகளே, தங்கைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டவர் வேறு யாரும் இல்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். என்ன தாமதம் என்றார். என் முன்னால் வழி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 'சாட்சி களைப்பாக இருக்கிறார், தண்ணீர் கேட்கிறார்' என்று சொல்லிவிட்டு அவரை ஓரம் கட்டிப் பேசியிருக்கலாம். பேசியே கரைத்திருப்பேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. உரிமம் போனால் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கண் முன் வந்தது. இருந்தும் அந்தக் கேள்விக்குப் பிறகு அவரைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், சாட்சி ஆணையிடவில்லை, தனக்கு இறை நம்பிக்கை இல்லை என்றும் உள்ளத்தின் பேரில் உண்மை சொல்வதாகவும்தான் சொன்னார் என்று அரபியில் சொல்லி முடித்தேன்.

நீதிபதி எழுத்தரைக் கைகாட்டி நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிவழகனை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உரிமம் வாங்கிய அன்று நீங்கள் எதன் மீது ஆணையிட்டீர்கள்?"

மகத்தான இறைவன் மீது என்றேன்.

"அவர் விஷயம் அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில். அதில் எனக்கு வேலை இல்லை. இந்த அறையில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னது யார்?"

"நான்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது, உரிமம் வாங்கிய நாளின் அதே நடுக்கம் என் குரலில் திரும்ப வந்தது.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. ஆணை இல்லாமலும் ஒருவரை விசாரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அவர் சொல்வதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது மட்டும் தன் பொறுப்பு என்று நிதானமாகச் சொன்னார். நான் இத்தனை வருடம் அந்தக் கட்டடத்துக்குள் நடந்திருக்கிறேன். அப்படி ஒரு வழி அங்கே இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருக்காது என்று நானே முடிவு கட்டி, அந்த முடிவுக்குத் தகுந்தாற்போல் எல்லோர் வாயிலும் நானே வார்த்தையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீதிபதி இன்னொன்றும் சொன்னார். "அவரைக் கேளுங்கள். எதை வைத்துச் சொன்னால் அவரால் பொய் சொல்ல முடியாது? என்ன சொல்கிறாரோ அதை அப்படியே சொல்லுங்கள். அழகுபடுத்த வேண்டாம்."

கேட்டேன். அறிவழகன் கொஞ்சம் யோசித்தார். பிறகு வலது கையைக் காட்டினார். காய்த்துப்போன கை, சுட்டுவிரல் நகம் கறுத்திருந்தது.

"இந்தக் கைதாங்க. இதத் தூக்குனா மேல இருக்கறவரு தூக்குவாரு, எறக்குனா எறக்குவாரு. அவருக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது, என் கைய மட்டுந்தான் நம்புவாரு. இது ஒரு தடவ பொய் சொன்னா கீழ நிக்கறவன் போயிருவான். பதினோரு வருசமா இது பொய் சொல்லல. இத வச்சுச் சொல்றேன்."

ஒரு வார்த்தை விடாமல் அரபியில் சொன்னேன். நகம் கறுத்திருந்ததை மட்டும் நீதிபதி தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். ஆணை இல்லாத சாட்சியம், சாட்சி தன் கையின் பேரில் உறுதி கூறினார் என்று எழுதச் சொன்னார். எழுத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். முதலிலிருந்து மறுபடி விசாரிப்போம் என்றார் நீதிபதி.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த இரண்டாவது தடவையைப் பற்றித்தான். அதே மனிதர், அதே கேள்விகள். ஆனால் இந்தத் தடவை என் காது இருந்தது. ஸ்லிங்கைப் பற்றி அவர் சொன்னதை முதல் முறையாகக் கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிங்குகளைச் சோதித்து, தேறியவற்றில் புது நிறத்தில் டேப் சுற்றுவார்கள். அந்தத் தடவை சுற்றிய நிறம் பச்சை. அறுந்ததில் இருந்தது நீலம். அதாவது, புதுச் சோதனைக்கே போகாத ஸ்லிங். காலையில் அதைப் பார்த்து ஒதுக்கிப் போட்டவர் அறிவழகன்தான். சூப்பர்வைசர் வந்து, 'யல்லா, சீக்கிரம், இன்றைக்கு ஒரு நாள் இதை வைத்தே ஓட்டு' என்றிருக்கிறார். "கட்டினது நான்தாங்க. மாட்டேன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடதும் உண்டு. கான் சாப் மேல ஒரு தப்பும் இல்ல." இதைத்தான் நான் முதலில் 'வடம் பழசாக இருந்தது' என்று முடித்திருந்தேன். வடம் பழசு என்பது யாரையும் காப்பாற்றாது. நீலம் என்பது காப்பாற்றும்.

நீதிபதி அந்த இடத்தில் பேனாவை எடுத்துத் தானே ஏதோ குறித்துக்கொண்டார். அறுந்த துண்டு போலீஸார் வசம் இருந்தது. அதை நிபுணர் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டு வழக்கைத் தள்ளிவைத்தார். நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். நடந்ததை, உரிமம் கொடுத்த இடத்துக்கு இன்றைக்கே நீங்களாக எழுதிவிடுங்கள், நான் எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும் என்றார். எழுதினேன். எச்சரிக்கை கொடுத்தார்கள், சில மாதம் நீதிமன்றப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். உட்கார்ந்து வீட்டு ஒப்பந்தங்களும் திருமணச் சான்றிதழ்களும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்த நீதிபதி என் பிழைப்பையே முடித்திருக்கலாம். முடிக்காமல், நான் திருந்துவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். அவர் பெயரை எங்கேயும் எழுதமாட்டேன், ஆனால் தொழுகையில் அவருக்காக இறைவனிடம் கேட்காத நாள் இல்லை.

ஆணையில்லாத சாட்சியத்துக்கு எடை குறைவு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் நிபுணர் அறிக்கையிலும் அந்த நீல டேப் இருந்தது. கான் சாப் விடுதலையானார். அறிவழகன் மேல் வழக்கு வரவில்லை. அந்த ஸ்லிங்கை முதலில் ஒதுக்கி வைத்தது அவர்தான் என்று மற்றவர்களும் பிறகு சொன்னார்கள். ஆனால் கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கான் சாப்பின் உறவினர் ஒருவர் தம்மாமில் இருந்தார். அவர் மூலமாக அங்கே ஒரு தளத்தில் அறிவழகனுக்கு வேலை கிடைத்தது. இன்றும் பெருநாளைக்கு எனக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்கிறார். நானும் பொங்கலுக்குச் சொல்கிறேன்.

தீர்ப்பு நாளில் எனக்கு நீதிமன்றத்தில் வேலை இல்லை, வேலை செய்யவும் கூடாது. ஆனாலும் போய் வெளியே நின்றேன். மூன்று பேரும் வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கஃபடீரியாவில் கரக் டீ வாங்கினோம். கான் சாப்பும் அறிவழகனும் வருடக்கணக்காக ஒன்றாக வேலை செய்தவர்கள். ஆனால் ஒருவர் வானத்தில், ஒருவர் தரையில். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த ஹிந்தி 'ஊப்பர்', 'நீச்சே', 'பஸ்', அதாவது மேலே, கீழே, போதும் என்பதோடு முடிந்துவிடும். அன்று அது போதவில்லை. அந்த ஆறடி மனிதர் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் உருதுவில், நான் சொல்வதை இவருக்குத் தமிழில் சொல்லுங்கள் என்றார்.

"என் ஐந்து வேளைத் தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்பேன். நீ அவனை நம்பாவிட்டாலும் அவன் உன்னை விடமாட்டான்."

பழைய ஆள் எனக்குள்ளே எட்டிப் பார்த்தான். இவர் நம்பாதவராயிற்றே, 'உங்களை மறக்கவே மாட்டாராம்' என்று சுருக்கிவிடலாமே என்றான். நான் முழுதாகச் சொன்னேன், அல்லாஹ் என்ற பெயரோடு, 'நீ அவனை நம்பாவிட்டாலும்' என்பதோடு. அறிவழகன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு நம்பிக்க இல்ல. ஆனா கான் சாப் எனக்காக ஒருத்தர்கிட்ட கேக்கறாருன்னா எனக்கு அது ரொம்பப் பெருசுன்னு சொல்லுங்க பாய். 'நம்பிக்க இல்ல'ங்கற மொத வார்த்தையையும் சேத்தே சொல்லுங்க."

சேர்த்தே சொன்னேன். கான் சாப் முழுவதையும் கேட்டுவிட்டு, அறிவழகனின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.